நரம்புக்குப் போட்ட பந்தல்

"அடுப்படியில கட்டெறும்பு ஊருது பாரு, லெட்சுமி" என்றான் பூமிநாதன். போய்ப் பார்த்தாள். ஊர்ந்தது. நடுவீட்டில் அசையாமல் கிடக்கிற மனுசனுக்குச் சுவருக்கு அந்தப் பக்கத்து எறும்பு எப்படித் தெரிந்தது?

யோசிக்கக்கூட முத்துலட்சுமிக்குச் சத்தில்லை. கரிமூட்டை லோடு ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து புருசன் முதுகுத்தண்டு அடிபட்டதிலிருந்து, புரட்டிப் போடுவதும் துடைப்பதும் அள்ளிக் கொட்டுவதுமாக அவள் இடுப்பும் ஒடிந்துபோயிருந்தது. மதுரையில் முதுகைத் திறந்து ஏதோ பசையை வைத்துத் தைத்தார்கள். "பாகற்கொடிக்குப் பந்தல் மாதிரிம்மா. அறுந்த நரம்பு இதைப் பிடிச்சு வளரும். தண்ணி மெத்தையிலயே படுக்க வைங்க" என்றார் டாக்டர். கால்விரல் ஒன்று அசைந்தால் போதும், அவளுக்கு வேறெதுவும் வேண்டாம்.

சித்திரை வெக்கையில் மெத்தை கொதித்தது. கரண்டும் இல்லை. "சாகக் கெடக்குறவுகளத்தான்டி தரையில எறக்குவாக" என்று பக்கத்து வீட்டு ராக்கம்மாள் தடுத்தும் கேளாமல், நேற்றுக் காலையில், சாணி மெழுகிய குளுந்த மண்தரையில் வெறும் முதுகோடு அவனை இறக்கினாள். அப்புறம் அடித்துப் போட்டது மாதிரி தூங்கிவிட்டாள். புரட்டவே இல்லை, பாவி.

இப்போது வீட்டில் அவன் படுக்கைப்புண் நாற்றம் இல்லை. மழை விழுந்த புழுதி வாசம். வெளியே வெயில் கொளுத்துகிறது.

"உணர்ச்சி வந்திருச்சு லெட்சுமி. நீ நடக்கிறது தெரியுது."

"ஆத்தாடி! கால்லயாங்க?" அழுகை முட்ட ஓடி வந்தாள்.

"மெல்ல! மிதிக்காத, வலிக்குது."

அவனை அவள் தொடவே இல்லை.

நின்றாள். பெருவிரலைத் தரையில் லேசாக அழுத்தினாள். அவன் முகம் சுளித்தது. காலடியில் தரை கூசியது.

குனிந்து அவன் விலாவுக்கடியில் கை விட்டாள். முதுகுக்கும் மண்ணுக்கும் நடுவே வெள்ளை நூல்கள். ஈரம். சூடு. ஒன்று விரலில் சிக்கியது.

"ஐயோ, பிடுங்காத!"

"எதுவரைக்கும்ங்க போயிருக்கு?" சிக்கிய நூலை மெல்ல விடுவித்தாள்.

"தெரியல. சங்கையா புஞ்சையில பெரிய வண்டி ஒண்ணு நிக்குது. கனமா. இப்ப... சுடுது."

சன்னலில் பார்த்தாள். புஞ்சையில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிற போர் வண்டி. சங்கையா மண்ணில் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். குழாயை நிமிர்த்திவிட்டார்கள்.

ஓடிப்போய் நிறுத்த வேண்டும். ஓர் எட்டு வைத்தாள், அவன் அலறினான். இன்னோர் எட்டு வைக்க மனசு வரவில்லை.

"நிறுத்துங்கய்யா! குழி போடாதீக!"

இன்ஜின் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்?

குழாய் இறங்கியது.

பூமிநாதன் வாய் பிளந்தது. சத்தம் வரவில்லை. குபுகுபுவென்று, போர்க்குழியிலிருந்து கிளம்புகிற வெள்ளைப் புழுதி வந்தது.