விழாத மணி

வீட்டுக்குப் பின்னால் பாழடைந்து கிடக்கும் மனநோய் ஆஸ்பத்திரிக்குள் எதிர்வீட்டு டெய்லரும் அவர் மனைவி கணக்கு டீச்சரும் பட்டப்பகலில் நுழைவதைப் பார்த்தேன். பார்க்காமல் என்ன செய்வது? என் சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கிறது.

கல்யாணமாகிப் பதினாலு வருஷம். கையில் துணிப்பை. முகத்தில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட களை. பூட்டிப்போன கட்டிடத்தில் இதுகளுக்கு என்ன வேலை? அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன்.

உள்ளே பினாயில் வாடை. ஆளில்லாத இடத்தில் யார் தரை கழுவுகிறார்கள் என்று அப்போது தோன்றவில்லை.

மாடியில் வார்டுக் கதவிடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்தேன். உரிந்த சுவர்கள், வரிசையாக இரும்புக் கட்டில்கள். அந்தக் காலத்தில் நோயாளிகளைத் துணிப்பட்டையால் அவற்றோடு சேர்த்துக் கட்டிப் போடுவார்களாம். அவிழ்த்துவிடச் சொல்லிக் கத்தினால் நர்ஸ் ரேடியோவைச் சத்தமாக வைப்பாளாம்.

"எவ்ளோ பெரிய ரூம் பாரு. வீட்டுல தும்முனாலே எதிர்வீட்டக்கா ஜலதோஷமான்னு கேக்குது," என்றார் டெய்லர்.

"அக்காவுக்கு மட்டும் இது தெரிஞ்சுது, தெருவே டிக்கெட் எடுத்து வரும்," என்று டீச்சர் சிரித்தாள்.

பையிலிருந்து சிவப்புக் கயிறு வந்தது. ஓஹோ, கதை அப்படிப் போகிறதா! மானமுள்ளவள் அங்கேயே திரும்பியிருப்பாள்.

"ரூல் சொல்லு," என்றார் டெய்லர்.

"வாயைக் கட்டிட்டா பேச முடியாது. மணியைக் கீழ போடுவேன். சத்தம் கேட்டதும் அவுத்துரணும். அதுவரைக்கும் திரும்பியே பாக்கக் கூடாது, அதுதான் எனக்குப் பிடிக்கும்."

"கத்திரி பாக்கெட்டுல இருக்கு. ரெண்டே ரெண்டு முடிச்சு."

கட்டில் கம்பியோடு அவள் மணிக்கட்டுகளைக் கட்டினார். வாயில் துப்பட்டா. விரல்களுக்குள் சின்ன வெண்கல மணி. பிறகு ஜன்னலோரம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

டீச்சரின் கண்கள் விரிந்தன. அவள் புருஷனைப் பார்க்கவில்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தாள்.

விரல்கள் திறந்தன. மணி விழுந்தது.

சத்தம் வரவில்லை.

முழங்கால் உயரத்தில், வெறும் காற்றில், மணி அப்படியே நின்றது. யாரோ உள்ளங்கையில் ஏந்தியதுபோல.

டெய்லர் ஏதோ பாட்டை விசிலடித்துக்கொண்டிருந்தார்.

கட்டிலடியிலிருந்து பழுப்பேறிய துணிப்பட்டை ஒன்று ஊர்ந்து ஏறியது. அவள் முழங்கையைச் சுற்றியது. தோளைச் சுற்றியது. கழுத்தைச் சுற்றியது.

முடிச்சு விழுந்தது.

கத்தினால் நான் ஒளிந்து பார்த்த லட்சணம் வெளியே வந்துவிடும். சொல்லவே கூசுகிறது. அவள் முகம் கறுக்கும்வரை யோசித்தேன்.

"யோவ் டெய்லரே! திரும்பிப் பாருய்யா! அவுத்து விடு!"

பாய்ந்து வந்தார். கத்திரி பட்டையில் நறுக் நறுக்கென்று இறங்கியது. ஏழு முடிச்சு வெட்ட வேண்டியிருந்தது.

"ரெண்டுதானே போட்டேன்," என்று முனகிக்கொண்டே வெட்டினார்.

வாய்த் துப்பட்டாவை இழுத்ததும் டீச்சருக்கு மூச்சு வந்தது. "போட்டேங்க... மணியைப் போட்டேனேங்க..."

அவளை இருபுறமும் தாங்கிக்கொண்டு படியிறங்கினோம். பின்னால், ஆளில்லாத வார்டில், ரேடியோ கரகரத்துப் பாடத் தொடங்கியது.

சத்தம் கூடிக்கொண்டே வந்தது.

மணியை எடுக்க யாரும் திரும்பிப் போகவில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று டீச்சர் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன். நாலு பேரிடம்தான் சொன்னேன்.

இன்று காலை என் கட்டிலுக்கடியில் பெருக்கும்போது துடைப்பத்தில் ஏதோ தட்டுப்பட்டது. அதே வெண்கல மணி. எடுத்து ஆட்டிப் பார்த்தேன்.

ஒலிக்கவில்லை. அதன் நாக்கைப் பழுப்புத் துணி சுற்றியிருந்தது, இறுக்கமாக, ஏழு முடிச்சு.