முத்திரைக்குக் காத்திருந்தவள்

"அந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்குங்க. நான் நனைஞ்சா பரவால்ல, இது நனையக் கூடாது."

கிறிஸ்டினா திரும்பினாள். வேலூரில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தவன், தோல் சாம்பிள் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தான். பள்ளிகொண்டா தாண்டியதும் பிடித்த மழை, பஸ் ஜன்னல் வழியே இருவர் மேலும் சாரலாய் அடித்துக்கொண்டிருந்தது.

"எனக்குக் காத்து வேணும்," என்றாள் வெடுக்கென்று.

"காத்து சரி... மழை இன்னாத்துக்கு?"

அவன் பார்வை அவள் கண்களில் ஒரு நொடி நின்றது. மழை கண்ணைச் சிவக்க வைக்காது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது போலும்... அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் கட்டை மறுபக்கம் மாற்றிக்கொண்டு, முதுகை மழைக்குக் கொடுத்துத் திரும்பி உட்கார்ந்துவிட்டான்.

ஆம்பூர் வருவதற்குள் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வீட்டில் கேட்க யாருமில்லை என்பதாலோ என்னவோ.

டல்லாஸில் வேலை. பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகி மூன்று வருடம். அங்கேயே இருக்கும்வரை தொல்லையில்லை. வெளியே வந்தால் புது முத்திரை வாங்கித்தான் உள்ளே போக முடியும். கிடைக்காமல் போனால்... என்ற பயத்தில் ஒவ்வொரு கிறிஸ்துமஸையும் தள்ளிப்போட்டாள். அம்மா முன்பே போய்விட்டாள். அப்பா போன செய்தி கேட்டுத்தான் விமானம் ஏறினாள். வந்தபோது கல்லறை மண்கூடக் காய்ந்திருந்தது. இன்று சென்னையில், அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணல். இன்னும் சரிபார்க்க வேண்டும், காத்திருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அவன் இன்பராஜ். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் டிசைனர். இத்தாலியில் இருந்தவன், தங்கை கல்யாணத்துக்கு வந்த இடத்தில் அனுமதி முடிந்துபோய், திரும்ப விடவில்லையாம்.

"பேஜார்தாங்க," என்றான். "ஆனா காத்திருக்கறப்ப தனியா இருக்காதீங்க."

தனியாகத்தான் இருந்தாள். காலையில் கம்பெனி பஸ்கள் தெருவையே அள்ளிக்கொண்டு போய்விடும். பிறகு அவளும், கொடியில் தொங்கும் அப்பாவின் சட்டைகளும்தான்.

ஞாயிறு சர்ச் முடிந்து வெளியே வந்தால் வாசலில் இன்பராஜ் நின்றிருப்பான். டீக்கடைக்குப் போவார்கள். எதற்கெடுத்தாலும் அவள் சாரி சொல்வதைக் கிண்டல் செய்வான். "டீ ஆறிப்போச்சின்னா அதுங்கிட்டயும் சாரி கேப்பீங்களா?" அவள் சிரித்துவிடுவாள். வாரத்தில் அன்று மட்டும்தான் சிரித்தாள்.

ஒரு ஞாயிறு அங்கேயே அவளுடைய டேனியல் சித்தப்பா வந்து நின்றார். அவன் காதுபடவே சொன்னார். "இத்தாலியில வேணாம்னுட்டாங்க, இப்ப உன்னைப் புடிச்சி அமெரிக்கா போலாம்னு பாக்கறான்."

இன்பராஜ் டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டான். பிறகு வரவேயில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே... அப்படியென்றால் நிஜம்தானா? அவளும் போன் செய்யவில்லை. ரோஷம்.

சில வாரங்கள் கழித்து முத்திரை கிடைத்தது. மூன்று வருடத்துக்குப் போகலாம், வரலாம். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றாள். யாரிடம் சொல்வது? நினைவில் வந்தது ஒரே முகம்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலை, அவன் கம்பெனி கேட்டுக்குப் போனாள். சங்கு ஊதியதும் நீலக் கோட்டுப் பெண்கள் வெள்ளமாய் வெளியே வந்தார்கள். கடைசியில் அவன், பைக்கைத் தள்ளிக்கொண்டு. அவளைப் பார்த்ததும் நின்றான்.

"விசா வந்துருச்சு," என்றாள். "நாளைக்குக் கெளம்பறேன்."

"சந்தோஷங்க." கண்கள் சந்தோஷப்படவில்லை.

"ஏன் வரவேயில்ல?"

அவன் பைக்கின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தான். "வந்தேன்... தெனமும் உங்க தெரு சுத்தித்தான் வேலைக்குப் போனேன். கதவு தொறந்திருக்கான்னு பாத்துட்டுப் போய்டுவேன்."

"கூப்பிட்டிருக்கலாமே..."

"கூப்பிட்டா, போவாதீங்கன்னு சொல்லிடுவேன்னு பயம்தாங்க. நான் நெனச்சது உங்க விசாவ இல்ல... உங்கள."

அவள் கண்கள் நிறைந்தன. இந்தத் தடவை மறைக்க மழை இல்லை; மறைக்கவும் தோன்றவில்லை.

"போய்த்தான் ஆவணும்," என்றாள். "ஆனா ஈஸ்டருக்கு வந்துருவேன். அதுக்கப்புறம் எங்க இருக்கறதுன்னு ரெண்டு பேரும் பேசிக்கலாம். சித்தப்பாகிட்ட நானே சொல்றேன்... எனக்கு உங்களப் புடிச்சிருக்குன்னு."

கேட் மூடும் சத்தம் கேட்டது.

"சீக்கிரம் வா, கிறிஸ்டினா," என்றான்.

அவன் அவளை 'வா' என்றது அதுதான் முதல் முறை.