யதுசனுக்குப் பல் முளைத்தது

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 24ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். வட்டுக்கோட்டையில் காலையிலிருந்து ஓயாத வாடைக்காற்று, இடையிடையே தூறல். அந்த நேரத்தில்தான் யதுசன் முதன்முறையாகப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் கூட்டி, நுனியால் ஒரு பொருளைப் பிடித்து எடுத்தான். அவனுக்குப் பத்து மாதம். கிளினிக் கொப்பியில் அந்தத் திறமைக்கென ஒரு கட்டம் இருந்தது. அது ஒன்பதாம் மாதத்திலேயே நிரம்பியிருக்க வேண்டும் என்பது தகப்பன் குகதாசனை ஒரு மாதமாக உறுத்திக்கொண்டிருந்தது. அவன் மணிக்கூட்டைப் பார்த்தான். பேனையை எடுத்துக் கட்டத்துள் சரி அடையாளம் இட்டான். அதற்குப் பிறகே, எடுத்தது என்ன என்று பார்க்கப் பிள்ளையின் கையை விரித்தான்.

ஒரு பல்.

பாற்பல் அன்று. வளர்ந்த மனிதனுடைய கடைவாய்ப்பல். இரண்டு வேர்களும் முறியாமல் இருந்தன. வெற்றிலைக் கறை படிந்த ஓரத்தில் ஈய நிறத்தில் ஓர் அடைப்புத் தெரிந்தது. பிள்ளையின் உள்ளங்கைச் சூடு அதில் ஏறியிருந்தது.

"என்னப்பா, பிள்ளை என்னத்தை எடுத்தவன்?" என்று குசினியிலிருந்து வினோஜா கேட்டாள்.

"ஒண்டுமில்லை. கல்லு."

"வாய்க்குள்ளை வைச்சிடுவான். பறிச்சு எறியுங்கோ."

பறித்தான், எறியவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அந்த அடைப்பை அவன் அறிவான். முருகேசுச் சித்தப்பாவை மோட்டார்சைக்கிளில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய், பல் வைத்தியரிடம் அதைப் போடுவித்துக் கூட்டிவந்தவன் அவனே.

வீடு சித்தப்பாவின் பெயரில் இருந்தது. கலியாணம் செய்யாத மனிதர். பின்னறையில் தங்கியிருந்தார், வலது காலைச் சற்று இழுத்து நடப்பார், சாப்பாட்டைத் தவிர எல்லாவற்றையும் இடது கையால் செய்வார். சென்ற வருடம் வைகாசியில், வினோஜா பிள்ளைத்தாய்ச்சி என்று தெரிந்த கிழமை, குகதாசன் ஒரு தாளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தான். வீட்டையும் வளவையும் பெறாமகன் குகதாசனுக்குக் கொடுக்க முடிவு செய்துள்ளேன் என்று அவனே அழகாக எழுதியிருந்தான். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தான்.

சித்தப்பா இடது சுட்டுவிரலால் கீழுதட்டைத் தடவினார். "அவசரப்படாதை மோனை. யோசிச்சு, கையெழுத்து வைச்சு, உன்ரை கையிலையே தாறன்," என்றார்.

ஒன்பது நாளும் அதையே சொன்னார். பத்தாம் நாள், வினோஜா கிளினிக்குக்குப் போயிருந்த நேரம், குகதாசன் கதவுக்குப் பின்னால் நின்ற உலக்கையை எடுத்தான். முதல் அடி வாயில் விழுந்தது. அவர் கத்தவில்லை. தரையில் குந்தி, ஒரு கையை நாடிக்குக் கீழே ஏந்திக்கொண்டு, மற்றக் கையின் இரண்டு விரலால் சிந்திய பற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார், உலையில் போட இருந்த அரிசியைக் கைதவறிக் கொட்டிவிட்டவர்போல. இரண்டாவது அடி அந்தக் கையில். மூன்றாவதற்குப் பிறகு அவன் எண்ணவில்லை.

சீமெந்துத் தரையைக் கழுவினான். உலக்கையைக் கழுவி அதே கதவுக்குப் பின்னால் நிறுத்தினான். வளவுக் கோடியில் பாழாய்க் கிடந்த கிணற்றுக்குள் அவரையும் அவருடைய பற்களையும் போட்டு, இரண்டு லோட் மண் பறித்து மூடுவித்தான். சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகிற கூட்டத்தோடு சித்தப்பா போய்விட்டார் என்று மனைவிக்கும் ஊருக்கும் சொன்னான். நம்பினார்கள். நடந்து போகிறவர்கள் எல்லோரும் திரும்பி வருவதில்லை. அந்தத் தாள் மட்டும் எங்கே தேடியும் அகப்படவில்லை.

பல் அகப்பட்ட ஞாயிற்றுக்கிழமை பொழுதுபடுகையில் அவன் கிளினிக் கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினான். கட்டங்களுக்குப் பக்கத்தில் குறிப்பு எழுதுவது அவனுடைய வழக்கம். ஏழாம் மாதம்: யோசிப்பவன்போல இடது சுட்டுவிரலால் கீழுதட்டைத் தடவுகிறான். எட்டாம் மாதம்: தவழ்கிறான், வலது காலை இழுக்கிறான், பின்னறைக் கதவடிக்கே போகிறான். ஒன்பதாம் மாதம்: பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை.

எல்லாம் அவனுடைய கையெழுத்து. ஒரு பிழையும் இல்லை.

பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பி இருந்து ஒரு கரண்டியைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. "யதுசன்," என்றான். கரண்டி தட்டியது. மறுபடியும் அழைத்தான். கரண்டி தட்டியது. கூரையிலிருந்து நீர் வாளிக்குள் சொட்டும் சத்தத்தைவிடத் தாழ்ந்த குரலில், உதடு அசைந்ததோ இல்லையோ என்னும்படி, "முருகேசு," என்றான்.

கரண்டி நின்றது. பிள்ளை திரும்பிப் பார்த்தது.

திங்கட்கிழமை மழை வலுத்தது. வினோஜா சந்தோசத்தோடு வந்தாள். "பல்லு வந்திட்டுதப்பா. விரலுக்குத் தட்டுப்படுது. நாளைக்கே பல்லுக் கொழுக்கட்டை அவிச்சுத் தலையிலை கொட்டுவம்."

"இந்த மழைக்கை என்ன அவசரம்?"

"பத்து மாசமாப் பொக்கை வாயன், பொக்கை வாயன் எண்டு சனம் பகிடி பண்ணுது. அடுத்த ஒழுங்கைப் பத்மாசினி அக்காவை மட்டும் கூப்பிடுறன்."

அவன் சட்டைப்பையைத் தடவினான். வெறுமை. அவள் குளிக்கப் போனதும் பிள்ளையை மடியில் கிடத்தி, வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தான். முன்பக்கப் பல்முரசு மென்மையாக இருந்தது. உள்ளே, கடைவாயில், கல்லைப்போல ஒன்று. அதன் ஓரத்தில் வழுவழுப்பான உலோகம். நகத்தைக் கொடுத்து அதைக் கிளப்பப் பார்த்தான். பிள்ளை அழவில்லை. அவனுடைய கண்ணையே பார்த்துக்கொண்டு, மெல்ல, வாயை மூடியது.

எலும்பில் நெரிபட்ட சத்தம் அவனுக்கே கேட்டது. விரலை இழுத்தபோது நுனிச் சதை அதனோடு வரவில்லை, அங்கேயே தங்கிவிட்டது. பிள்ளை விழுங்கியது.

கதவில் நசுங்கிவிட்டது என்று வினோஜாவிடம் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல், ஒழுங்கைகளில் முழங்காலளவு வெள்ளம். பத்மாசினி அக்கா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்து வந்தாள். பயறு இடித்தது அவள்தான்.

"உலக்கைப் பூண் ஏன் தம்பி உப்பிடி நெளிஞ்சு கிடக்கு?" என்று கேட்டாள். "கருங்கல்லையே இடிச்சனீர்?"

குகதாசன் சிரிக்க முயன்றான். கட்டுப்போட்ட விரல் துடித்தது.

விறாந்தையை அடுத்த கூடத்தில் வெள்ளைத் துணி விரித்து யதுசனை இருத்தினார்கள். அவன் முன்னால் தட்டம். எதை முதலில் எடுக்கிறானோ அதுவே அவனுடைய பிற்காலம்: கொப்பி, பேனை, சங்கிலி, கத்தி, கண்ணாடி. கண்ணாடிக்குப் பக்கத்தில், நாலாக மடித்த ஒரு தாள்.

"அது என்ன?" என்றான் குகதாசன்.

"சித்தப்பான்ரை பாய்க்குள்ளை இருந்தது. பின்னறைக்குள்ளை தண்ணி வருதெண்டு பாயைத் தூக்கினனான், விழுந்தது. ஏதோ வீட்டு விசயம் போலை கிடக்கு; வாசிக்க நேரமில்லை. அவனும் வீடு வளவுக்காரனா வரட்டுமன்," என்றாள் வினோஜா.

அவன் கையை நீட்டுமுன் பத்மாசினி அக்கா சுளகைப் பிள்ளையின் தலைக்கு மேலே கவிழ்த்தாள். சூடாறிய கொழுக்கட்டைகள் தலையிலும் தோளிலும் பட்டுத் துணியெங்கும் உருண்டன. இரண்டு பெண்களும் சிரித்தார்கள். மின்சாரம் நின்றது. அதே நேரத்தில் குசினிப் பக்கம் பானையொன்று மிதந்து சுவரில் மோதியது.

"ஐயோ, தண்ணி உள்ளுக்கு வந்திட்டுது. அக்கா, ஒருக்கா வாங்கோ. என்னப்பா, பிள்ளையைப் பாத்துக்கொள்ளுங்கோ."

போய்விட்டார்கள்.

கூடத்தில் சாம்பல் நிற வெளிச்சம் இருந்தது. அவித்த மாவின் மணம். அதற்குக் கீழே, சேற்று மணம். அதற்கும் கீழே, நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தால் எழும் மணம். யதுசன் தட்டத்தைப் பார்த்தான். சங்கிலியைத் தொடவில்லை. கத்தியைத் தொடவில்லை. இடது சுட்டுவிரலால் கீழுதட்டைத் தடவினான்.

பிறகு பேனையை எடுத்தான். இடது கையால்.

தாள் விரிந்தது. பேனை உரசும் சத்தம். சிறிது நின்றது. மறுபடியும் உரசியது. குகதாசன் போய்ப் பறித்திருக்கலாம். பார்த்துக்கொண்டு நின்றான்.

பிள்ளை எழுந்து நின்றது.

கிளினிக் கொப்பியில் எழுந்து நிற்பதற்கான கட்டம் இன்னும் வெறுமையாக இருந்தது. எதையும் பிடிக்கவில்லை. ஓர் அடி வைத்தது. வலது கால் இழுபட்டது. ஒரு கொழுக்கட்டை நசுங்கியது. இன்னோர் அடி.

சிரித்தது. வாய் நிறையப் பல். கறை பிடித்த பற்கள், அந்தச் சின்ன முரசில் இடம் போதாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன.

தாளை நீட்டியது.

அவனுடைய எழுத்து. அவனுடைய பெயர். அதன்மேல் நேராக ஒரு கோடு. கோட்டுக்கு மேலே, வயதான கையின் நடுங்கிய எழுத்தில், யதுசன். கீழே கையெழுத்து. செ. முருகேசு. மை காயவில்லை.

"என்னப்பா," குசினியிலிருந்து வினோஜா கேட்டாள், "பிள்ளை என்னத்தை எடுத்தவன்?"

ஒண்டுமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். தாளை வாங்க வலது கையை நீட்டப் பார்த்தான். அது நீளவில்லை. பாரமாக இருந்தது. குனிந்து பார்த்தான்.

உலக்கை.

எப்போது எடுத்தான் என்று அவனுக்குத் தெரியாது. நெளிந்த பூண் அவனுடைய தோளுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவன் ஏற்றவில்லை. அவன் இடது கையை நீட்டினான். பிள்ளை தாளை அதில் வைத்தது. வைத்துவிட்டுக் குந்தியது. வாயைத் திறந்து அவனை அண்ணாந்து பார்த்தபடி, விழப்போவதை ஏந்துவதற்காக, ஒரு சின்னக் கையை நாடிக்குக் கீழே பிடித்தது.