டின்ஸ்டேல் அனுப்பிய அளவுகள்

டின்ஸ்டேலின் கடிதத்தில் இருந்த தவறு மிகவும் சின்னது. வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்கவே மாட்டார்கள். போன வாரம் வடக்கு வானத்தில் வில்லாக வளைந்து நின்ற துருவ ஒளி எந்த நட்சத்திரத்தை உரசிக்கொண்டு போனது என்று எழுதியிருந்தார். டாக்டர் ஹால்க்ரோ தன் வீட்டு வாசலில் நின்று குறித்து வைத்திருந்ததும் அதே நட்சத்திரம்தான். அதுதான் தவறு.

முகத்துக்கு நேராக விரலை நீட்டி, முதலில் ஒரு கண்ணாலும் பிறகு மறு கண்ணாலும் பார்த்தால் விரல் இடம் மாறித் தெரியும். ஹால்க்ரோ ஒரு கண், டின்ஸ்டேல் மறு கண். ஹால்க்ரோ இருப்பது ஸ்காட்லாந்துக் கரைக்கும் வடக்கே, ஆர்க்னித் தீவுகளில் மரமே முளைக்காத ஒரு தீவில். டின்ஸ்டேல் வெகு தெற்கே, இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில். ஒரே ஒளியை இருவரும் ஒரே நேரத்தில் பார்த்து, அது எவ்வளவு இடம் மாறித் தெரிகிறது என்பதிலிருந்து அதன் உயரத்தைக் கணக்கிடுவது, பதினோரு வருடமாகக் கடிதம் வழியாகவே அவர்கள் செய்துவந்த வேலை. இடமே மாறவில்லை என்றால் அந்த ஒளி நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அல்லது, இரண்டு கண்களும் ஒரே இடத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

ஹால்க்ரோ சிரித்துக்கொண்டார். கிழவருக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்தார். 'மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பாருங்கள்' என்று கிண்டலாக ஒரு பதில் எழுதித் தபாலில் சேர்க்க வைத்தார். எழுதி முடித்த பிறகுதான் டின்ஸ்டேலின் தாள் கையில் சில்லென்று இருப்பது உறைத்தது. கணப்புக்குப் பக்கத்தில் வைத்தும் அது சூடேறவில்லை.

நேரில் இருவரும் சந்தித்ததே இல்லை. டின்ஸ்டேலின் குரல் கனமா, கீச்சா என்றுகூட ஹால்க்ரோவுக்குத் தெரியாது. ஆனால் அவருக்கு எந்த முழங்கால் வலிக்கும், எந்தப் பாதிரியாரைக் கண்டால் ஆகாது, எந்த வால்நட்சத்திரத்தை மேகம் மறைத்தபோது தொப்பியைத் தரையில் அடித்தார் என்பதெல்லாம் தெரியும். கப்பல் வைத்தியர் வேலையை விட்டுவிட்டு இந்தத் தீவுக்கு வந்த பிறகு ஹால்க்ரோவிடம் மனிதனாக மதித்துப் பேசிய ஒரே ஆள் அவர்தான். தீவுக்காரர்கள் நல்லவர்கள், ஆனால் கழியில் கண்ணாடிக் குழாயைக் கட்டிவைத்து அதைப் போய்ப் போய்ப் பார்க்கிற மனிதனிடம் என்னதான் பேசுவார்கள்?

ஒவ்வொரு வசந்தத்திலும் டின்ஸ்டேல் ஒரே வாக்கைக் கொடுப்பார். அடுத்த கோடையில் என் காற்றழுத்தமானியைத் தூக்கிக்கொண்டு வருகிறேன், உங்களுடையதுக்குப் பக்கத்திலேயே மாட்டி ஒப்பிட்டுப் பார்த்துவிடுவோம் என்பார். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவரை எந்த இரண்டு கருவிகளையும் நம்பக் கூடாது என்பது அந்தத் தொழிலின் சட்டம். அதற்காக ஹால்க்ரோ படுக்கையறைச் சுவரில், தன் கருவிக்கு அடுத்து ஒரு ஆணி அடித்து வைத்திருந்தார். பதினோரு கோடைகள் போயின. ஆணி துருப்பிடித்துவிட்டது.

அடுத்த கடிதமும் நடைவழி மேசைமேல், வழக்கமாகத் தபால் இருக்கும் இடத்தில் இருந்தது. இவர்கள் கடிதம் எழுதினால் தாளின் மேல் மூலையில் அந்த நேரத்துக் காற்றழுத்தம், வெப்பம், காற்றின் திசை எல்லாவற்றையும் முதலில் எழுதுவது வழக்கம். நலமா என்று கேட்பதெல்லாம் அதற்கப்புறம்தான். அந்த மூலையைப் பார்த்ததும் ஹால்க்ரோ எழுந்துபோய்த் தன் குறிப்பேட்டைப் புரட்டினார். மூன்று அளவுகளும் அவருடையவை. காற்றழுத்தம்கூட. அவருடைய கருவியில் கப்பல் ஆட்டத்தில் ஒரு காற்றுக் குமிழி புகுந்துவிட்டது, அது எப்போதும் கொஞ்சம் குறைத்தே காட்டும். உலகத்தில் வேறெந்தக் கருவிக்கும் அந்தக் குறை இருக்க முடியாது.

குறிப்பேட்டை மூடிவிட்டு வாசல் கதவைப் பார்த்தார். ஆனால் அறிவியல்காரரின் புத்தி வேறு மாதிரி வேலை செய்யும். மற்றவர்கள் கதவைத் தாழிடும் இடத்தில் அவர்கள் சோதனை செய்வார்கள்.

வெளிச்சுவரில் இருந்த வெப்பமானியைக் கழற்றி நடைவழியில் மாட்டினார். யாரிடமும் சொல்லவில்லை. 'இன்று நீங்கள் நிற்கும் இடத்தில் வெப்பம் எவ்வளவு?' என்று மட்டும் எழுதித் தபாலுக்குக் கொடுத்தார். பதில் வந்தது. நடைவழியின் வெப்பம், ஃபாரன்ஹீட் அளவில் அரை டிகிரி பிசகாமல். கீழே டின்ஸ்டேலின் சாய்ந்த கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: 'உங்கள் வீட்டில் ஈரம் அதிகம், நண்பரே.'

பயந்தார், உண்மைதான். ஆனால் அந்த வரியை அவர் திரும்பத் திரும்பப் படித்தார். வெளியே காற்று ஓட்டுக் கற்களை நெருடிக்கொண்டிருந்தது, கடல் பாறைக்கடியில் புகுந்து புகுந்து உறுமியது, கணப்பில் எரித்த சதுப்பு மண்கட்டி புகைகிற நாற்றம் அறை முழுக்க நிறைந்திருந்தது, அந்த வீட்டில் பல வருடங்களாக யாரும் 'நண்பரே' என்று கூப்பிட்டதில்லை. வெப்பமானியை எடுத்துப்போய் அந்தத் துருப்பிடித்த ஆணியில் மாட்டினார். விளையாட்டாகவோ வேறெப்படியோ, எழுதி அனுப்பினார்: 'அங்கேயே நிற்பானேன்? இன்னும் கொஞ்சம் உள்ளே வந்து பாருங்கள்.'

புயல் ஓய்ந்த ஒரு மத்தியானம் படகுக்காரர் டிரீவர் நேராக வீட்டுக்கே வந்தார். சமையலுக்கு வரும் ஈசா அடுப்படியில் பார்லி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். டிரீவர் தொப்பியைக் கழற்றாமல் நிற்கிற மனிதர். அன்று கழற்றியிருந்தார்.

"டாக்டரய்யா, கறுப்புக் கரை போட்ட சாவுக் கடுதாசி. உங்க கையிலயே குடுத்துரணும்னு கொண்டாந்தேன்."

"யார்க்‌ஷயரா?"

"ஆமா. பாவம், அந்த ஊர்லேர்ந்து உங்களுக்குக் கடுதாசி வந்தே ரொம்ப நாளாச்சே. அறுவடைக்கப்புறம் ஒண்ணுகூட வரல. போஸ்ட்மாஸ்டர்கூட கேட்டாரு, ரெண்டு பேருக்கும் சண்டையான்னு."

"என்னய்யா உளறுறே? மூணு வாரத்துக்கு முன்னாடிகூட ஒண்ணு வந்துதே. அதுக்கு முன்னாடி ரெண்டு."

"மூணு வாரத்துக்கு முன்னாடியா?" டிரீவர் சிரிக்கப் பார்த்தார். "அந்த வாரம் அலை இருந்த இருப்புக்கு நான் படகை இறக்கவே இல்லீங்களே. என் பொண்டாட்டி படகு மேலேயே ஏறி உக்காந்துட்டா, போனா என்னையும் சேத்துத் தள்ளிட்டுப் போன்னு."

ஹால்க்ரோ அடுப்படிப் பக்கம் திரும்பினார். "ஈசா, மேசை மேல கடுதாசி வச்சது நீதானே?"

ஈசா மாவுக் கையோடு வந்து நின்றாள். "நானா? நான் வர்றப்பவே அங்கே கெடக்குமுங்க. நீங்களே எழுதி நீங்களே வச்சுப் படிக்கிறீங்கன்னு நெனச்சேன். தனியா இருக்கிறவங்க என்னென்னமோ செய்வாங்க, நாம எதுக்குக் கேக்கணும்னு விட்டுட்டேன்."

உறைகளை அவர் ஒருநாளும் கவனித்ததில்லை. அவசர அவசரமாகக் கிழித்துக் கணப்பில் போட்டுவிட்டு அளவுகளைப் படிப்பார். தபால்தலை இருந்ததா? ஞாபகமே இல்லை. ஒவ்வொரு நாளும் மேகத்தின் வகையைக்கூடக் குறித்து வைக்கிற மனிதருக்கு, இது ஞாபகமில்லை.

கறுப்புக் கரைக் கடிதம் டின்ஸ்டேலின் தங்கை எழுதியது. அண்ணன் அறுவடை முடிந்த வாரத்தில், தொலைநோக்கிக்குப் பக்கத்திலேயே இறந்து கிடந்தார். கடைசிவரை உங்கள் தீவுக்கு வருவதைப் பற்றியே பேசினார், கொடுத்த வாக்கை நிறைவேற்றவில்லையே என்று வருந்தினார். அதற்குப் பிறகு நீங்கள் அனுப்பிய கடிதங்களைப் பிரிக்க எனக்கு உரிமையில்லை, அப்படியே இத்துடன் வைத்திருக்கிறேன்.

இருந்தன. மூன்றும். ஹால்க்ரோவின் மெழுகு முத்திரை உடையாமல்.

டிரீவர் போய்விட்டார். ஈசா சால்வையைச் சுற்றிக்கொண்டும் போகாமல் வாசலில் நின்றாள். "இன்னிக்கு எங்க வீட்டுக்கு வந்துருங்க டாக்டரய்யா. மீன் குழம்பு இருக்கு. எம் புருஷன் கொறட்டை விடுவான், அது ஒண்ணுதான் தொந்தரவு."

"சாயங்கால அளவு எடுக்கணுமே."

"அந்தக் கண்ணாடிக் குழாய் ஒருநாள் தனியாக் கெடந்தா செத்தா போயிரும்?"

போயிருக்கலாம். கோட்டு கதவுக்குப் பின்னால்தான் தொங்கியது, பூட்ஸும் காலில்தான் இருந்தது. ஆனால் அவருடைய அளவுக் குறிப்பேட்டில் பதினோரு வருடமாக ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. அதுவே காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தன் தனிமைக்கு ஒரு விருந்தாளி வந்திருக்கிறான், வந்தவனை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று உள்ளே ஏதோ ஒன்று கேட்டதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஈசாவின் விளக்கு சரிவில் இறங்கி மறைந்தது. குளிர்காலம், நாலு மணிக்கே கும்மிருட்டு.

திரும்பினார். மேசைமேல் ஒரு கடிதம்.

சற்று முன்புவரை அங்கே டிரீவரின் தொப்பிதான் இருந்தது. தாளில் உறை இல்லை, தபால்தலையும் இல்லை. மூலையில் படுக்கையறையின் வெப்பம் மட்டும். கீழே: 'உள்ளே வந்துவிட்டேன். ஒப்பிட்டுப் பார்க்கலாம்.'

விளக்கை எடுத்துக்கொண்டு போனார். படுக்கையறை எப்போதும்போலத்தான் இருந்தது. கணப்பு எரிந்தது. கம்பளியின் ஆட்டு வாடை. கடலின் உறுமல் மட்டும் எங்கோ நின்றுபோயிருந்தது, யாரோ கதவைச் சாத்தியது மாதிரி.

துருப்பிடித்த ஆணியில் மாட்டியிருந்த வெப்பமானிக்கு முன்னால் நின்று மூச்சை அடக்கினார். அதுவும் பழக்கம்தான். கண்ணாடிக் குழாய்க்கு அருகில் ஆள் நின்றாலே பாதரசம் ஏறும், மூச்சுப் பட்டால் இன்னும் ஏறும், அதனால் சட்டென்று படித்துவிட்டு விலகிவிட வேண்டும். கடிதத்தில் இருந்த அளவுதான். சரியாக அதே கோட்டில்.

பிறகு இறங்கியது.

அவர் அசையவில்லை. கணப்பும் அணையவில்லை. பாதரசம் ஒரு கோடு இறங்கியது. நின்றது. மெல்ல ஏறியது. மறுபடியும் இறங்கியது. இது அவருக்குத் தெரியும். ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார், ஆனால் தலைகீழாக: ஆள் குனிந்தால் ஏறும், விலகினால் இறங்கும். ஒருவர் குனிந்து படிக்கிறார். விலகுகிறார். மறுபடியும் குனிகிறார்.

இடது தோளுக்குப் பக்கத்தில்.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. அளவைச் சத்தமாகச் சொன்னால் கூட இருப்பவர் திருப்பிச் சொல்லிக் குறித்துக்கொள்வார். இரண்டு பேர் சேர்ந்து அளவெடுக்கும்போது அப்படித்தான். அவருக்கு அப்படித் துணைக்கு நிற்க ஆளே இருந்ததில்லை. நாக்கு தானாகச் சொன்னது.

"நாற்பத்தொண்ணு."

"நாற்பத்தொண்ணு," என்றது பக்கத்தில்.

கனமான குரல் இல்லை. கீச்சும் இல்லை. சாதாரணமான, கொஞ்சம் களைத்த, கிழவரின் குரல். காகிதத்தில் பென்சில் உரசியது.

அழுகை வந்தது. பயமா, பதினோரு வருடமா, தெரியவில்லை. அடக்கிய மூச்சு நெஞ்சில் முட்டியது. இனி தாங்காது. குழாய்க்கு நேராக, மிக அருகில், முழு மூச்சையும் விட்டார். அந்த மூச்சில் பாதரசம் ஏற வேண்டும்.

இறங்கியது.

முப்பத்தெட்டு. முப்பத்தஞ்சு. தண்ணீர் உறைகிற முப்பத்திரண்டை நோக்கி. கண்ணாடியில் வெள்ளையாகப் பனி பூத்தது. அவர் வாயிலிருந்துதான்; அவர் மூச்சும் இப்போது அந்தக் கிழவருடையதைப் போலவே குளிர்ந்திருந்தது.

"இப்ப ரெண்டும் ஒத்துப்போகுது, ஹால்க்ரோ," என்றது குரல், அன்பாக. "எழுதிக்கோங்க."

ஹால்க்ரோ பென்சிலை எடுத்தார்.