பெயர் இன்னும் காலியாகவில்லை

உலாயுக் இறந்து ஆறு வருடமாகியும் தினமும் மாலையில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள்.

தாசிலிக் என்ற அந்த ஊர் வடகோடிப் பனிக்கடலின் கரையில் இருக்கிறது. நூற்றுச் சொச்சம் வீடுகள், ஒரு பள்ளி, ஒரு மருத்துவ நிலையம், ஒரு கடை, ஊருக்கென்று சொந்தமாக ஒரு தொலைக்காட்சி நிலையம். வெளியூர் அலைவரிசை ஆயிரம் வந்தாலும் மாலையானால் எல்லா வீட்டிலும் அவள் முகம்தான். கடல் எங்கே உறைந்திருக்கிறது, எங்கே கால் வைத்தால் ஆளை விழுங்கும், யார் சீல் வேட்டையாடி வந்திருக்கிறார், யார் வீட்டுக்குப் போய் இறைச்சி வாங்கிக்கொள்ளலாம், யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் இறந்தது, எல்லாம் அவள் வாயால் வந்தால்தான் ஊருக்குத் திருப்தி.

திரையில் இருந்தது குரலுரு. அவள் உயிரோடு இருந்தபோது முப்பது வருடம் நடத்திய நிகழ்ச்சிகள் முழுவதையும் விழுங்கிச் செரித்த பொறி. பனிக்கடியில் புதைத்த உணரிகளும் மேலே சுற்றும் செயற்கைக்கோள்களும் அனுப்புகிற அளவுகளை வாங்கிக்கொண்டு, அவள் எப்படிச் சொல்வாளோ அப்படியே ஊரின் தாய்மொழியான இனுக்டிடூட்டில் சொல்லும். தொலைபேசியில் அழைத்தால் பதில் பேசும். குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்து, அவள் கூப்பிட்ட முறை சொல்லியே கூப்பிடும்.

ஊர்சபை இதைப் பயத்தில்தான் செய்தது. ஊரில் இரண்டு தலைமுறை ஆங்கிலத்தில் வளர்ந்துவிட்டது. தூரத்து வேட்டை முகாமில் பிறந்து வளர்ந்த உலாயுக் ஒருத்திதான் மொழியை முழுசாக வைத்திருந்தாள். ஊருக்கு ஒரே வகையாகத் தெரிகிற பனியை அவள் பெயர் பெயராகப் பிரித்துச் சொல்வாள். அவளோடு அதெல்லாம் போய்விடக் கூடாது என்று நினைத்தார்கள்.

பலனும் இருந்தது. ஆறு வருடத்தில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவள் பேச்சு முழுக்கப் புரிந்தது. வெளியூர் மொழியறிஞர்கள் வந்து பார்த்து, மொழியைக் காப்பாற்றிய ஊர் என்று எழுதிவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் அவளிடம் ஆங்கிலத்தில் கேட்பார்கள். அவள் இனுக்டிடூட்டில் சொல்வாள். அவர்கள் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் நன்றி சொல்வார்கள். இதில் என்ன குறை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரே ஒரு விஷயம் விட்டுப்போயிருந்தது. ஊரில் எல்லோருடைய சாவையும் அறிவித்தவள் அவள். அவள் செத்தபோது அறிவிக்க ஆளில்லை, நிலையம் பூட்டிக் கிடந்தது. ஆகவே பொறி விழுங்கிய முப்பது வருடத்தில் அவளுடைய சாவு இல்லை. பிறகும் யாரும் அதனிடம் சொல்லவில்லை. எதிரே சிரித்துக்கொண்டிருப்பவளிடம் போய், நீ செத்துவிட்டாய் என்று எந்த முகத்தோடு சொல்வது?

அந்த வருடம் கோடை முடிகிற சமயத்தில் அவள் மகள் அவிங்காவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது.

பிறந்த நாளிலிருந்து பிள்ளை அழுதது. மார்பில் வாய் வைத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தியது. எடை இறங்கிக்கொண்டே போயிற்று. மருத்துவ நிலையத்துத் தாதி குடைந்து குடைந்து பார்த்துவிட்டு, நோய் ஒன்றும் இல்லை, இன்னும் எடை குறைந்தால் விமானத்தில் தெற்கே அனுப்பவேண்டியதுதான் என்றாள். ஊர்ப் பெண்கள் வேறு காரணம் சொன்னார்கள். பெயர் சரியில்லை.

அவர்கள் வழக்கத்தில் இறந்துபோனவரின் பெயர் ஒரு பிள்ளையைத் தேடி அலையும். அந்தப் பெயரை வைத்துவிட்டால் போனவர் வந்துவிட்டார் என்று அர்த்தம். நம் பக்கத்தில் மாமனார் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு, அதைச் சொல்லித் திட்ட முடியாமல் மருமகள் வேறொரு பெயரால் கூப்பிடுவாளே, அதற்கும் பல படி மேலே இது. ஆண் பெண் பேதம்கூடக் கிடையாது. அவிங்கா என்பது உலாயுக்கினுடைய அப்பாவின் பெயர். அதனால் உலாயுக் தன் மகளைக் கடைசிவரை ‘அப்பா’ என்றுதான் கூப்பிட்டாள். தப்பான பெயர் வைத்தால் பிள்ளை அழும், நோகும், சில சமயம் தங்காமலே போய்விடும்.

அவிங்கா இரண்டு பெயர் வைத்துப் பார்த்துவிட்டாள். அழுகை நிற்கவில்லை. எந்தப் பெயர் வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. ஊருக்கும் தெரியும். ஆறு வருடத்தில் எத்தனையோ பிள்ளைகள் பிறந்தும் அந்தப் பெயரை யாரும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பது? பெயருக்குச் சொந்தக்காரி தினமும் மாலை வந்து எல்லோரையும் நலம் விசாரித்துக்கொண்டிருக்கிறாளே.

அவிங்காவின் கணவன் தொலைவில் சுரங்க வேலையில் இருந்தான். வீட்டில் அவளும் அவள் அப்பா கப்பிக்கும்தான். கப்பிக் பனிவண்டி பழுது பார்ப்பவர். கையில் கிரீஸைத் துடைத்துக்கொண்டு தினமும் தொலைக்காட்சி முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார்.

“வேற பேரே கிடைக்கலையா உனக்கு?” என்றார்.

“ரெண்டு வச்சுப் பார்த்தாச்சுப்பா. பாரு, தொண்டையே கட்டிப்போச்சு இதுக்கு.”

“அவ இன்னும் அந்தப் பேரை வச்சுக்கிட்டுத்தானே இருக்கா.”

“அது அம்மா இல்லப்பா.”

“தெரியாதா எனக்கு? நான்தானே குழி தோண்டினேன்.” கப்பிக் திரையைப் பார்த்தபடியே பேசினார். “ஆனா தேத்தண்ணில ரெண்டாவது கரண்டி சர்க்கரை போடாதன்னு ஊரறியத் திட்ட எனக்கு வேற யாரு இருக்கா? நீ பேரை எடுத்துட்டா அவ அங்க என்ன ஆவா?”

அவிங்காவும் அந்த முகத்தைப் பார்த்துத்தான் ஆறு வருடத்தைத் தள்ளியிருக்கிறாள். கருவுற்றிருக்கிறேன் என்பதைக்கூட முதலில் தொலைபேசியில் அதனிடம்தான் சொன்னாள். ஆனால் அவள் கையில் பிள்ளையின் கனம் நாளுக்கு நாள் குறைந்தது. மறுநாள் மாலை அவள் தொலைக்காட்சி நிலையத்தை அழைத்தாள்.

புதுப் பிள்ளையின் பெயரைத் தொலைக்காட்சியில் சொல்வது ஊர் முறை. பெயரைக் கேட்டதும் உலாயுக், இனி இந்தப் பிள்ளை யாருக்கு என்ன உறவு என்று ஒவ்வொரு வீடாகப் பிரித்துச் சொல்வாள். முப்பது வருடமும் அப்படித்தான் செய்தாள், செத்த பிறகும் அப்படியே.

“அப்பா, நீயா?” என்றது திரையில் இருந்த முகம். “என்ன, பின்னாடி இந்த அழுகை அழுவுது?”

“பேரு வைக்கப்போறேம்மா.” அவிங்கா எல்லோரையும் போல ஆங்கிலத்தில்தான் பேசினாள்.

“நல்லது. யாரு பேரு?”

“உலாயுக்.”

முகம் சிரித்த சிரிப்பு அப்படியே நின்றது. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அந்தப் பேருல என்னைத் தவிர ஆளில்லையேப்பா. இருக்கறவங்க பேரை வைக்கமாட்டோம்ல? யாரு இறந்துபோனா?”

கப்பிக் எழுந்து தொலைபேசியைப் பிடுங்கக் கையை நீட்டினார். பாதியில் கையைக் கீழே போட்டார். பிள்ளை குரல் கம்மி, கத்தக்கூட வலுவில்லாமல் அனத்திக்கொண்டிருந்தது.

“நீதாம்மா,” என்றாள் அவிங்கா.

“எப்போ?”

“ஆறு வருஷமாச்சு. நெஞ்சு வலிக்குதுன்னு சொன்ன. விமானம் வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.”

“புதைச்சாச்சா?”

“ஆச்சும்மா. மேட்டுக்கு அந்தாண்ட, உங்கப்பா பக்கத்துல.”

“அப்ப ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?”

அவிங்கா வாய்விட்டு அழுதாள். திரையில் இருந்தவள் அழவில்லை, பொறிக்கு அழத் தெரியாது. சாவு அறிவிக்கும்போது உலாயுக் எப்போதும் செய்வதுபோல அங்கியின் கழுத்தைச் சரிசெய்துகொண்டு நேராகப் பார்த்தது.

“ஊராரே, நம்மள்ள ஒருத்திய இழந்துட்டோம். உலாயுக் போயிட்டா. அழறவங்க வீட்டுக்குப் போங்க, சமைச்சுக் கொண்டுபோய்க் குடுங்க.” கொஞ்சம் நிறுத்தியது. “இப்ப உலாயுக் வந்துட்டா. அவிங்காவுக்கு இவ அம்மா. கப்பிக்குக்குப் பொண்டாட்டி. பௌலூசிக்கு அண்ணி.” அப்படியே ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டு போயிற்று, ஒருவரையும் விடவில்லை. கடைசியில், “எங்கிட்ட சொல்ல வேண்டியதெல்லாம் இனிமே அவகிட்டச் சொல்லுங்க,” என்றது. திரை இருண்டது.

அன்று பிள்ளை பால் குடித்தது. பசி தீரக் குடித்துவிட்டு, தாயின் அங்கிக்குள் முகம் புதைத்துத் தூங்கியது. தாதி இதற்கு வேறு விளக்கம் வைத்திருந்தாள்.

அடக்கம் முடியும்வரை நிலையம் மூடியிருப்பது வழக்கம். ஆறு வருடத்துக்கு முந்தைய அடக்கத்துக்கு எத்தனை நாள் மூடுவது என்று தெரியாமல் ஊர் விழித்தது. மறுபடி திறந்தபோது திரையில் முகம் வரவில்லை. அழைத்தால் குரல் மட்டும் வந்தது. எது கேட்டாலும், பனியைப் பற்றிக் கேட்டால்கூட, ஒரே பதில்: “உலாயுக் உங்ககூடத்தானே இருக்கா. அவளைக் கேளுங்க.”

பொறியைப் பார்த்துக்கொள்ளும் பௌலூசி, கப்பிக்கின் தம்பி, ஊர்சபை அனுப்பி வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

“அண்ணே, அந்த ஒரு நாள் பேச்சை மட்டும் அழிச்சுட்டா அண்ணி பழையபடி வந்துடுவாங்க. சின்ன வேலைதான். சபை உங்ககிட்டக் கேட்டுட்டு வரச் சொல்லிச்சு.”

கப்பிக்கின் மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. சரி என்று சொல்ல அவர் வாய் துடித்ததை அவிங்கா பார்த்தாள்.

“அவ அங்க வந்துட்டா, அப்ப இவ யாரு?” என்றார் கப்பிக். “வேண்டாம்டா. மறுபடி பாலை நிறுத்திருவா.” பிறகு அவர் தேம்பித் தேம்பி அழுதார். ஆறு வருடத்துக்கு முன்னால் அழவேண்டிய அழுகை. பௌலூசி கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு ஊரே பிள்ளையைப் பார்க்க வந்தது. இறைச்சி கொண்டுவந்தார்கள், சூடான ரொட்டி கொண்டுவந்தார்கள். ஒவ்வொருவரும் குனிந்து, அண்ணி, தோழி, சித்தி என்று தங்கள் முறையைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்த ஒரு சொல் எல்லோருக்கும் இனுக்டிடூட்டில் வந்தது. அதற்கு மேல் என்ன பேசுவது என்று தெரியவில்லை. பழக்கதோஷத்தில் அவள் முகத்துக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்து, அவள் பேசுவாள் என்று காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் போனதும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு எழுந்து போனார்கள்.

கடல் உறையத் தொடங்கியது. வேட்டைக்குப் போகிறவர்கள் கரைவரை வந்து, பனியைக் குச்சியால் குத்திப் பார்த்துவிட்டு, ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு திரும்பினார்கள். உணரிகள் அனுப்பும் எண்கள் திரையில் ஓடின. அந்த எண்களை வைத்துக்கொண்டு எங்கே நடப்பது என்று யாருக்கும் விளங்கவில்லை.

ஒரு காலையில் அவிங்கா பிள்ளையை முதுகில் சுமக்கும் அங்கிக்குள் வைத்துக்கொண்டு கரைக்குப் போனாள். கப்பிக்கும் கூட வந்தார். கரையை ஒட்டிக் கடல் கறுப்பாக, மெல்லிய தோலாக உறைந்திருந்தது. கீழே தண்ணீர் மூச்சு விட்டால் அந்தத் தோலும் ஏறி இறங்கியது.

அம்மாவிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் இனி இவளிடம் சொல்லவேண்டும். இவளுக்கு அந்தப் பெயர் மட்டும்தான் வந்திருக்கிறது, பேச்சு வரவில்லை. பேச்சு யாராவது சொல்லிக்கொடுத்துத்தான் வரவேண்டும். இவள் கேட்கவேண்டிய முதல் சொல் இந்தப் பனியின் பெயராக இருக்கட்டும் என்று நினைத்து, அவிங்கா பிள்ளையை முன்பக்கம் எடுத்துக் கடலைக் காட்டினாள்.

“அம்மா, இதோ பாரு, இதுதான்…”

சொல் வரவில்லை. அவள் அதைக் கேட்டிருக்கிறாள், ஆறு வருடமாக ஒவ்வொரு குளிர்காலத்திலும் மாலை தவறாமல் கேட்டிருக்கிறாள். திரையில் யாராவது சொல்லியிருந்தால் உடனே புரிந்திருக்கும். ஒரு தடவைகூட அவள் வாய் அதைச் சொன்னதில்லை.

“அப்பா, இதுக்கு அம்மா என்ன சொல்லுவா?”

கப்பிக் பனியைப் பார்த்தார். உதடு அசைந்தது, மறுபடி அசைந்தது. தெரியவில்லை என்று தலையை ஆட்டினார்.

குழந்தை அவிங்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அது அழவில்லை. அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தது.