போர்டில் இருந்த எண்

மாலை 3.40. ஆய்வக மேசையில் கிடந்த வெள்ளி உருளை வெள்ளியே இல்லை என்று தெரிந்துபோனது. மூன்றாம் முறை கொதிநீரில் இறக்கியதும் மேல்பூச்சு கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, உள்ளேயிருந்த ஈயம் பல்லிளித்தது.

4.15. சப் இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தாள். பள்ளி அழைத்தது போலீஸை அல்ல, தாயை. உருளையைக் கடைசியாகத் தொட்டவள் அவள் மகள். வீட்டில் துருவி என்று கூப்பிடுவார்கள். எதையும் லேசில் விடமாட்டாள்.

ஆய்வக உதவியாளர் கதவைத் திறந்துவிட்டார்.

"கேஸ் வாசனை அடிக்குதே?"

"புது சிலிண்டர்மா. நேத்து சாயங்காலமே பழசு தீர்ந்துபோச்சு. இது மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் வந்துச்சு. மாட்டுறதுக்குள்ள என் இடுப்பு கழண்டுபோச்சு."

தலைமையாசிரியை வந்தார். பின்னால் துருவி. கடைசியில் இயற்பியல் ஆசிரியர்.

"உங்க பொண்ணு வெள்ளியை மாத்திட்டா," என்றார் ஆசிரியர். "நாளைக்கே டி.சி. கொடுத்துடணும்."

துருவி அழவில்லை.

"ஏண்டி மூணு தடவை கொதிக்க வெச்சே?"

"தன்வெப்பம் அளக்கணும்மா. கொதிநீர்ல சூடாக்கின உருளையைப் பச்சைத்தண்ணியில போட்டு, தண்ணி எவ்வளவு சூடாகுதுன்னு பார்க்கணும். சார் போர்டுல எழுதின அளவுல பாதிதான் வந்துச்சு. மூணு தடவையும்."

"கூட இருந்தவங்க?"

"போர்டைப் பார்த்து எழுதிட்டு வாடின்னாங்க. எல்லாரும் எப்பவும் அப்படித்தான் எழுதுவாங்க."

திருடியவள் தன் திருட்டைத் தானே மூன்று முறை கொதிக்க வைப்பாளா? தாய் சொன்னால் எடுபடாது. போர்டைப் பார்த்தாள்.

"அந்த அளவு யார் எடுத்தது சார்?"

"நான்தான். காலையில பத்து மணிக்கு, இதே அடுப்புல கொதிக்க வெச்சு அளந்தேன். புத்தகத்துல இருக்கிற மதிப்பு அப்படியே வந்துச்சு. அப்போ அசல் வெள்ளிதான். உடனே அலமாரியில வெச்சுப் பூட்டினேன். சாவி என் பையில. நேரா இவ கையிலதான் கொடுத்தேன்."

"வேற அடுப்பு, கெட்டில் ஏதாவது இருக்கா மேடம்?"

"இந்த ஒரு அடுப்புதான்," என்றார் தலைமையாசிரியை.

"அப்போ பத்து மணிக்கு எதுல கொதிக்க வெச்சீங்க சார்? சிலிண்டரே மத்தியானம்தானே வந்துச்சு?"

ஆசிரியர் முகம் சுண்டிப்போனது. "சரி, அளக்கலை. புத்தகத்தைப் பார்த்து எழுதினேன். சோம்பேறித்தனம். அதுக்காக நான் திருடனா?"

"சோம்பேறியா இருந்தா, ஒரு பொண்ணு தலை உருளப்போகுதுன்னு தெரிஞ்சதுமே சொல்லியிருப்பீங்க. காலையில வெள்ளி இருந்துச்சுன்னு சாட்சி சொன்னது நீங்க ஒருத்தர்தான். சாவி இருந்ததும் உங்க ஒருத்தர்கிட்டதான். போர்டுல விடையை எழுதிப் போட்டா எந்தப் பிள்ளையும் அளக்காதுன்னு நம்பிட்டீங்க. நாற்பது பேருல முப்பத்தொன்பது பேர் விஷயத்துல உங்க கணக்கு சரி."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "வீட்லதான் இருக்கு," என்றார் தரையைப் பார்த்து.

தலைமையாசிரியை போர்டிலிருந்த எண்ணை அழித்துவிட்டுச் சாக்பீஸைத் துருவியிடம் நீட்டினார். அவள் தன் எண்ணை எழுதினாள். பக்கத்தில் 'ஈயம்' என்று எழுதி, அடிக்கோடும் போட்டாள்.

சப் இன்ஸ்பெக்டர் வெளியே வந்து ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள். "ரெண்டு பேரை அனுப்பு. திருட்டு கேஸ்."

"கண்டுபிடிச்சது யாரு மேடம்?" என்றான் ரைட்டர்.

"எம் பொண்ணு," என்றாள். வராந்தாவில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி.