பதினாலாவது டேக்

"ஆ...!"

அலறல் அறையைக் கிழித்தது.

மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் மல்லாந்து கிடந்தான். நெற்றியில் சிவப்பு. தலைமாட்டில் ஒரு வெண்கலக் குதிரை. அதை எடுத்து அடித்தவன் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தான்.

அசைவில்லை... பேச்சில்லை...

பிணம் தும்மியது!

"கட்! கட்! கட்!"

இயக்குநர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். படப்பிடிப்பு ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஒன் மோர்'. எதையும் முதல் தடவையில் ஓகே சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். தன் கல்யாணப் போட்டோவுக்கே பதினொரு தடவை போஸ் கொடுக்க வைத்தவர். பன்னிரண்டாவதுக்கு மாமனார் எழுந்து போய்விட்டாராம்.

"பொணம் தும்முமாடா?"

"தூசி சார்... மூக்கு தாங்கல."

பிணம் எழுந்து உட்கார்ந்து முதுகைச் சொறிந்தது. கொலையுண்ட தயாரிப்பாளரின் மச்சான் அவன். புதுத் தயாரிப்பாளருக்குத் தம்பி.

புதுத் தயாரிப்பாளர்...?

செத்தவரின் மனைவிதான்!

இரண்டு மாதத்துக்கு முன்னால் தயாரிப்பாளர் தன் ஆபீஸ் அறையில் மண்டை உடைந்து கிடந்தார். கொன்றவன் இன்னும் சிக்கவில்லை. அந்தக் கொலையையே படமாக எடுத்துவிடலாம் என்று கிளம்பிவிட்டார் அந்த அம்மா.

"அவர் உசுரோட இருந்தப்ப எடுத்த படம் ஒண்ணும் ஓடல. செத்தாவது ஓடட்டும்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

இன்றைக்குக் கொலைகாரன் வேடத்துக்கு ஆள் தேர்வு. காலையிலிருந்து ஆறு பேர் வந்து, ஆறு பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

மூலையில் ஒரு நாற்காலியில் இன்ஸ்பெக்டர். நிஜ இன்ஸ்பெக்டர்! இந்தக் கேஸே அவருடையதுதான். ஆலோசனை சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் வந்த ஆசையே வேறு. முகத்தில் இரண்டு பூச்சு பவுடர் கூடுதலாக இருந்தது.

"சார்... அந்த இன்ஸ்பெக்டர் வேஷத்துக்கு ஆள் பாத்தாச்சா?"

ஒன் மோர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க போலீஸ் மாதிரியே இல்லையே சார்."

"நான் போலீஸ் சார்!"

"அது சரி. மாதிரி இல்லையே! கூரியர் ஆபீஸ் மேனேஜர் மாதிரி இருக்கீங்க. கண்ணுல ஒரு சந்தேகம் வேணாமா?"

பக்கத்தில் நின்ற ஏட்டு, சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். இன்ஸ்பெக்டருக்குப் பவுடரையும் மீறி முகம் கறுத்தது.

"அப்ப ஒரு வேஷத்துக்கு ஏத்த ஆளுன்னு எத வச்சுத்தான் சொல்றீங்க?"

"மூஞ்சிய வச்சு இல்ல சார். அந்த எடத்துல அவன் என்ன செய்வானோ, அத இவன் கை தானா செய்யணும். செஞ்சா எனக்குத் தெரிஞ்சிடும். அடுத்த ஆள வரச் சொல்லு!"

அடுத்த ஆள் வந்தார்.

நாற்பத்தைந்து வயது. இருபது வருடமாகத் துணை நடிகர். "கொஞ்சம் ஓரமா நில்லுப்பா" என்று கேட்டுக் கேட்டே 'ஓரம்' என்பது பெயராகிவிட்டது. முகம் முழுசாகத் திரையில் தெரிந்தது ஒரே தடவை. அதுவும் ஃபோகஸில் இல்லை.

"சார்... இதான் சார் எனக்குக் கடைசி சான்ஸு. கிடைக்கலேன்னா மச்சினன் கடையில கல்லாவுல உக்காரணும்னு வீட்டுல சொல்லிட்டாங்க."

"அழுகைய அப்புறம் வச்சுக்கலாம். டேக் ஒண்ணு!"

ஓரம் குதிரையை ஓங்கினார். பிணம் விழுந்தது. ஓரம் கதவைப் பார்த்து ஓடினார்.

"கட்! ஏன்யா ஓடற?"

"'ஓடுகிறான்'னு பேப்பர்ல எழுதியிருக்கு சார்."

"எழுதினவன் கொலை பண்ணியிருக்கானா? கொன்னவன் ஓட மாட்டான். ஒன் மோர்!"

ஐந்தாவது டேக். ஓரம் ஃபேனை அணைத்தார்.

"கரண்ட் மிச்சம் பண்ணவா கொலை பண்ண? ஒன் மோர்!"

எட்டாவது டேக். குனிந்து நாடி பிடித்துப் பார்த்தார்.

"டாக்டராய்யா நீ? முகத்தப் பாரு! கண்ணாடி போட்டிருக்கான்ல?"

பதினொன்று. கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"மேசையிலயா? ம்ஹூம்! கீழ... கால் பக்கம் போ. ஒன் மோர்!"

பதினாலு.

ஓரம் குதிரையை இறுகப் பிடித்தார். இந்த வேடமும் போச்சு என்று மனசு அடித்துக்கொண்டது. அடித்தார். அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிணத்தின் கண்ணாடியைக் கழற்றினார். மடக்கினார். எங்கே வைப்பது...? நாற்காலிக்கடியில் ஒரு ஜோடி ஷூ கிடந்தது. செத்தவர் ஆபீஸில் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உட்காருவார் என்று மனைவி சொல்லியிருந்ததால் செட்டில் வைத்தது. ஓரம் இடது ஷூவுக்குள் கண்ணாடியைப் போட்டார்.

"ஓகே!"

யூனிட்டே திகைத்தது. ஒன் மோர் வாயிலிருந்து 'ஓகே'யா!

"இவன்தான்யா! இந்த வேஷத்துக்குன்னே பொறந்தவன்!"

ஓரம் விம்மி விம்மி அழுதார். பிணம் எழுந்து கை தட்டியது.

கை தட்டாதவர் ஒருவர்தான். இன்ஸ்பெக்டர்! அவர் முகத்தில் ஈயாடவில்லை.

இடது ஷூவுக்குள் கண்ணாடி... பத்திரிகைக்குக்கூடச் சொல்லாத ரகசியம் அது! நிஜப் பிணத்தின் கண்ணாடி அங்கேதான் இருந்தது. பிணத்தை முதலில் பார்த்த காவலாளி வாசலிலேயே அலறிக்கொண்டு ஓடிவிட்டார். உள்ளே போய்ப் பார்த்தவர்கள் இன்ஸ்பெக்டரும் ஏட்டும் மட்டும். மூன்றாவதாகத் தெரிந்தவன்... கொலைகாரன்!

"ஏட்டு... இவனப் புடி!"

ஓரத்தின் கையில் விலங்கு ஏறியது.

"இது எந்த சீன் சார்?" என்றார் ஓரம்.

போலீஸ் ஸ்டேஷன்.

"தயாரிப்பாளர் உன்ன மூணு தடவை ஆபீஸ்லேருந்து வெரட்டியிருக்காரு. 'உன் மூஞ்சி எந்த வேஷத்துக்கும் ஆகாது'ன்னு சொல்லியிருக்காரு. உண்மையா, இல்லையா?"

"உண்மைதான் சார். எல்லாருமே அப்படித்தான் சொல்வாங்க. எல்லாரையுமா கொன்னேன்?"

ஓரத்தின் மனைவி புயலாக உள்ளே நுழைந்தார்.

"இவரா கொலை பண்ணாரு? வீட்டுல கரப்பான்பூச்சிய அடிக்கச் சொன்னா நாற்காலி மேல ஏறி நிக்கிற மனுஷன் சார்! இருபது வருஷத்துல ஒரு நாளாவது 'நான் செலக்ட் ஆயிட்டேன்'னு வீட்டுக்கு வருவாருன்னு பாத்தேன். அவரு வரல... போன்தான் வந்துச்சு, ஸ்டேஷன்லேருந்து!"

முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"நீ அழாதடி" என்றார் ஓரம். "சார், ஒண்ணு கேக்கறேன். நானா எதையுமே செய்யல. செஞ்சா வேலைக்காகாதுன்னு எனக்குத் தெரியும். அவரு தப்பு தப்புன்னு தள்ளிக்கிட்டே வந்தாரு. கடைசியில சரின்னாரு. அது சரின்னு அவருக்கு எப்படி சார் தெரியும்?"

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார். கக்கத்தில் தடிமனான நோட்டு. எந்த டேக்கில் யார் என்ன செய்தார், என்ன உடுத்தியிருந்தார் என்று எழுதி வைக்கும் உதவி இயக்குநர். எல்லோருக்கும் 'நோட்டக்கா'.

"சார், இவரு போட்டிருக்கிற சட்டை யூனிட்டோடது. ரத்தக்கறை கலையறதுக்குள்ள வாங்கிட்டுப் போயிடறேன்."

"அக்கா, என்னைத் தூக்குல போடப் போறாங்கக்கா!"

"போடட்டும்ப்பா. சட்டையக் குடுத்துட்டுப் போ. நாளைக்கு இதே கறையோட எடுக்கணும், இல்லேன்னா கன்டின்யூட்டி உதைக்கும்ல?"

இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தார்.

"அந்த நோட்டுல இன்னிக்கு நடந்ததும் இருக்கா?"

"தும்மினதுகூட இருக்கு சார்."

"டைரக்டர் சொன்னத மட்டும் படிங்க."

நோட்டக்கா எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பினார்.

"டேக் ஒண்ணு: 'கொன்னவன் ஓட மாட்டான்.' டேக் எட்டு: 'முகத்தப் பாரு, கண்ணாடி போட்டிருக்கான்ல?' டேக் பதினொண்ணு: 'மேசையிலயா? ம்ஹூம். கீழ, கால் பக்கம் போ...'"

படிக்கப் படிக்க நோட்டக்காவின் குரல் இறங்கியது.

"ஐயையோ... சார்!"

"சட்டையையும் எடுத்துக்குங்க, ஆளையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "எல்லாரும் செட்டுக்குப் போறோம்!"

ஒன் மோர் விளக்கை நகர்த்திக்கொண்டிருந்தார். தயாரிப்பாளர் அம்மாவும் தம்பியும் பக்கத்தில் இருந்தார்கள்.

"வாங்க சார். கொலைகாரன் ஒத்துக்கிட்டானா?"

"முழுசா ஒத்துக்கிட்டான் சார்" என்றார் இன்ஸ்பெக்டர், அசட்டுச் சிரிப்போடு. "கோர்ட்டுல சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு தடவை நடிச்சுக் காட்டிடறோம். நீங்கதானே எக்ஸ்பர்ட்டு! ஏட்டு, ஆரம்பி."

ஏட்டு குதிரையை எடுத்தார். மச்சான் பழக்கதோஷத்தில் தானாகவே விழுந்தான்.

"அடிக்கறான்... கண்ணாடிய ஷூவுல போடறான்... அப்புறம் கைரேகை போகணும்ல? செத்தவரோட கைக்குட்டைய உருவி, குதிரையத் துடைக்கறான்."

ஏட்டு கைக்குட்டையை உருவினார். துடைத்தார்.

ஒன் மோரின் தாடை இறுகியது. பார்வையைத் திருப்பிக்கொண்டார். திருப்பியதைத் திரும்பவும் திருப்பினார்.

"கைக்குட்டையா...?"

"ஆமா சார். நல்லா அழுத்தித் துடைக்கறான். ஏட்டு, இன்னொரு தடவை காட்டு."

ஏட்டு, பாத்திரம் விளக்குகிற மாதிரி குதிரையைத் தேய்த்தார்.

"சகிக்கல! தப்பு!"

"சரியாத்தானே சார் இருக்கு?"

"யோவ், கைக்குட்டை இல்லய்யா! ஜன்னல் திரை! திரையோட ஓரத்தால துடைச்சிட்டு, கறை உள்பக்கம் போற மாதிரி மடிச்சு..."

நின்றுவிட்டார்.



"சரிதான் சார்" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "திரையில கறை இருந்துச்சு. அது எனக்கும் ஏட்டுக்கும்தான் தெரியும். திரைய அன்னிக்கே லேபுக்கு அனுப்பிட்டோம். உங்களுக்கு யாரு சொன்னா?"

ஒன் மோர் அப்படியே நாற்காலியில் சரிந்தார். அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"வாய மூடிக்கிட்டு இருக்கணும்னுதான் சார் நெனச்சேன். மத்தியானமும் அப்படித்தான் நெனச்சேன். தப்பா பண்றத பாத்துக்கிட்டு ஓகே சொல்ல எனக்கு வாய் வரல!"

"கண்ணாடி எதுக்கு ஷூவுல?"

"நான் உதவி டைரக்டரா இருந்தப்ப வந்த பழக்கம். யாராவது கீழ படுத்து நடிச்சா, கண்ணாடிய மிதிச்சிடுவாங்கன்னு எடுத்து ஷூவுல போட்டுடுவேன். அன்னிக்கும் கை தானா செஞ்சிடுச்சு."

தயாரிப்பாளர் அம்மா அவர் முன்னால் வந்து நின்றார்.

"பாவி! என் புருஷன் உனக்கு என்னய்யா செஞ்சாரு?"

"என் கதையில ஹீரோ ஆறு பேர அடிக்கணும், அழணும், பாடணும். அதுக்கு உங்க தம்பியப் போடச் சொன்னாரும்மா! மாட்டேன்னேன். 'மச்சான்தான் ஹீரோ, இல்லேன்னா வேற டைரக்டர் வருவான்'னாரு. குதிரை கைக்கு எட்டற எடத்துல இருந்துச்சு..."

அந்த அம்மா திரும்பித் தம்பியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அக்கா! என்னை ஏன்க்கா அப்படிப் பாக்கற?"

"ஒண்ணுமில்லடா... நீ படுத்துக்கோ."

பிறகு ஓரத்தின் பக்கம் திரும்பினார்.

"கொலைகாரன் வேஷம் உங்களுக்குத்தான். படம் நிக்காது. மீதிய நோட்டக்கா எடுப்பாங்க."

ஓரத்தின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஓரம் அழவில்லை. இருபது வருடத்தில் முதல் தடவையாக அறையின் நடுவில் வந்து நின்றார்.

ஏட்டு விலங்கை மாட்டினார். ஒன் மோர் தலை குனிந்து நடந்தவர், இன்ஸ்பெக்டர் அருகில் வந்ததும் நின்றார்.

"அந்த கைக்குட்டை... அசட்டுச் சிரிப்பு... எல்லாம் நடிப்பா சார்?"

"ஒரே டேக்குல!" இன்ஸ்பெக்டர் மீசையை நீவிக்கொண்டு நிமிர்ந்தார். "இப்பவாவது சொல்லுங்க சார். போலீஸ் மாதிரி இருக்கேனா?"

ஒன் மோர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். தலையை இடது பக்கம் சாய்த்தார். வலது பக்கம் சாய்த்தார்.

"ஒன் மோர்!"